ட்ரெய்னி சொலிசிட்டர் ஆக எந்த வழியில் விண்ணப்பிப்பது? முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் சொலிசிட்டர் என்ற சட்ட வல்லுநராக ஆசைப்பட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எத்தனை சட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்த வழியாக?" அதற்குப் பலரிடம் பதில் இருப்பதில்லை, ஏனென்றால் வழி என்று ஒன்றைத் தனியாக உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் 31 இடங்களுக்கு அனுப்பினேன், எல்லாமே நேரடி விண்ணப்பம், ஒரே ஓர் இடத்தில் நேர்காணல் வரை போய்த் திரும்பினேன். அடுத்த வருடம் ஏழே இடங்கள், ஏழும் வெகேஷன் ஸ்கீம், அதாவது விடுமுறைக் காலப் பணி அனுபவத் திட்டம். அதில் ஒன்றில்தான் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட், அதாவது சொலிசிட்டர் ஆவதற்கான இரண்டு வருடப் பயிற்சி வேலை, கிடைத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அம்மம்மா சொல்வார், அந்த 31 விண்ணப்பங்களையும் நான் அளக்காமல் ஆற்றில் போட்டிருக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தகுதி பெறும் முறையே வேறு, அதனால் கிளாஸ்கோவிலோ பெல்ஃபாஸ்ட்டிலோ தொழில் செய்ய நினைப்பவர்கள் இதை வைத்துத் திட்டம் போட வேண்டாம்.

படி 1: சட்டம் கேட்பது வேறு, நிறுவனம் கேட்பது வேறு

2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் எஸ்.ஆர்.ஏ. உங்களிடம் கேட்பது நான்கு விஷயங்கள். ஏதாவது ஒரு பட்டம் அல்லது அதற்கு நிகரான தகுதி (சட்டப் பட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை), எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வின் இரண்டு பகுதிகளிலும் தேர்ச்சி, இரண்டு வருட முழுநேர வேலைக்குச் சமமான பணி அனுபவம், கடைசியாக நன்னடத்தைச் சோதனை. பணி அனுபவத்தைத்தான் எல்லோரும் க்யூ.டபிள்யூ.இ. என்கிறார்கள்.

அந்த நான்கில் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் என்ற சொல்லே இல்லை. அது கட்டாயமாக இருந்த காலம் போய்விட்டது. இன்றைக்கு அது க்யூ.டபிள்யூ.இ. பெறும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் அதற்காகப் போட்டி போடுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தையும் பயிற்சி வகுப்பையும் தாங்களே கட்டுகின்றன, படிக்கும் வருடத்துக்கு வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருகின்றன, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு சீட் என்று நான்கு பிரிவுகளில் மாற்றி மாற்றி வேலை கற்றுத் தருகின்றன.

எஸ்.க்யூ.இ. முதல் பகுதி இரண்டு தாள்கள், தாளுக்கு 180 வீதம் மொத்தம் 360 கேள்விகள், புத்தகம் பார்க்க முடியாது. இரண்டாம் பகுதியில் 12 எழுத்துப் பணிகளும் 4 வாய்மொழிப் பணிகளும். இரண்டுக்கும் சேர்த்துத் தேர்வுக் கட்டணமே 2025-26இல் ஏறக்குறைய 4,900 பவுண்டு, பயிற்சி வகுப்புக்கு அதற்கு மேல் சில ஆயிரங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வாய்ப்புகள், ஆறு வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். 2025 ஜூலையில் முதல் பகுதி எழுதியவர்களில் 41 சதவீதம் பேர்தான் தேறினார்கள். இந்தச் செலவையும் இந்த ஆபத்தையும் யார் சுமப்பது என்பதுதான் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் உண்மையில் எடுக்கும் முடிவு, அதனால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள்.

2021 செப்டம்பருக்கு முன்பே சட்டப் படிப்பைத் தொடங்கியவர்கள் எஸ்.க்யூ.இ.க்கு முன்பிருந்த எல்.பி.சி. என்ற சட்டப் பயிற்சிப் படிப்பு வழியில் 2032 முடிவு வரை தகுதி பெறலாம். அப்படிப் பாதியில் நிற்பவர்கள் எதையும் புதிதாகத் தொடங்கும் முன் எஸ்.ஆர்.ஏ.யின் இடைக்கால விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

படி 2: நாட்காட்டியில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

பெரிய நிறுவனங்கள் வேலை தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வருடம் முன்னாலேயே ஆள் எடுக்கின்றன. 2026 அக்டோபரில் சட்டம் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2028இல் பட்டம், 2028-29 எஸ்.க்யூ.இ. படிப்பு, 2029 செப்டம்பரில் பயிற்சி தொடக்கம், 2031இல் சொலிசிட்டர். அதே அக்டோபரில் வரலாறோ கணிதமோ மூன்றாம் ஆண்டு படிப்பவர் 2027இல் பட்டம் முடித்து, ஒரு வருடம் பி.ஜி.டி.எல். என்ற சட்ட மாற்றுப் படிப்பு, இன்னொரு வருடம் எஸ்.க்யூ.இ. என்று கணக்குப் போட்டால் அவரும் 2029 செப்டம்பரில்தான் வந்து சேருவார். அதனால்தான் சட்ட மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலும் மற்றவர்கள் கடைசி ஆண்டிலும் விண்ணப்பிக்கிறார்கள். சட்டப் பட்டம் இல்லாவிட்டாலும் எஸ்.க்யூ.இ. எழுதலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் மாற்றுப் படிப்பை எதிர்பார்க்கின்றன.

முதலாம் ஆண்டில் இருப்பவர்களுக்கு ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் விண்ணப்பம் இன்னும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாள் அறிமுகத் திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் நன்றாகச் செய்தவர்களைச் சில நிறுவனங்கள் அடுத்த வருட வெகேஷன் ஸ்கீமின் கடைசிக் கட்டத்துக்கு நேரே அழைத்துக்கொள்கின்றன. இதை விட்டுவிடாதீர்கள்.

பட்டம் முடித்து வருடங்கள் ஆகிவிட்டவர்கள், வேறு வேலையில் இருப்பவர்கள், பிள்ளை வளர்த்துவிட்டுத் திரும்பி வருபவர்கள், உங்களுக்குக் கதவு மூடவில்லை. மாணவர்களுக்காகப் போட்ட இந்த அட்டவணையும் உங்களைக் கட்டாது. நீங்கள் நேராகப் படி 4ஐப் படித்துவிட்டு இங்கே திரும்பி வரலாம்.

படி 3: வெகேஷன் ஸ்கீமா, நேரடி விண்ணப்பமா?

வெகேஷன் ஸ்கீம் என்பது விடுமுறையில் ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை நிறுவனத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பது. சம்பளம் உண்டு, சிட்டி என்று சொல்லும் லண்டன் நிதி வட்டாரத்தின் பெரிய இடங்களில் வாரத்துக்கு 400 பவுண்டுக்கு மேல். முடிவில் ட்ரெய்னிங் கான்ட்ராக்ட் நேர்காணல் வைப்பார்கள். நேரடி விண்ணப்பத்தில் இந்த நடுக்கட்டம் கிடையாது, படிவம், தேர்வு, நேர்காணல், மதிப்பீட்டு நாள், அத்தோடு முடிவு.

பெயரளவில் இரண்டு கதவும் ஒரே வீட்டுக்குத்தான் போகின்றன. ஆனால் சில நிறுவனங்கள், குறிப்பாக லண்டனில் குறைந்த எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் அமெரிக்க நிறுவனங்களில் பல, ஏறக்குறைய எல்லா இடங்களையும் ஸ்கீமில் இருந்தவர்களுக்கே கொடுத்துவிடுகின்றன. அங்கே நேரடி விண்ணப்பம் திறந்திருந்தாலும் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு இடங்களாக இருக்கலாம். அக்டோபர், நவம்பரில் பல்கலைக்கழகங்களில் சட்டக் கண்காட்சி நடக்கும், அங்கே நிறுவனத்தின் ஆட்களிடம் "உங்கள் கலாசாரம் எப்படி?" என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், "போன வருடம் நீங்கள் எடுத்த ட்ரெய்னிகளில் எத்தனை பேர் ஸ்கீம் வழியாக வந்தார்கள்?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லிவிடுவார்கள், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அந்த ஓர் எண்ணிலேயே அந்த நிறுவனத்துக்கு எந்த வழி என்பது பாதி தெரிந்துவிடும்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, ஒரே வருடத்தில் இரண்டு வழியிலும் முயற்சி செய்ய விடுகிறார்களா என்பது. பல நிறுவனங்கள் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் ஏற்கும். ஜனவரியில் ஸ்கீமுக்குப் போட்டு மறுக்கப்பட்டால் அதே கோடையில் நேரடியாகப் போட முடியாது. சில இடங்களில் முடியும். இதைப் பார்க்காமல் போட்டுவிட்டு வருந்துகிறவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன், எல்லாம் விண்ணப்பப் பக்கத்தின் அடியில் இரண்டு வரியில் எழுதியிருக்கும் விஷயம்.

சரி, உங்களுக்கு எது? இதில் என் அபிப்பிராயம் உறுதியானது. சட்ட அலுவலக அனுபவம் அதிகம் இல்லாத மாணவர் என்றால் ஸ்கீம்தான். ஒரு மணி நேர நேர்காணலில் பேச்சுக்காரர்கள் வெல்வார்கள், மூன்று வார ஸ்கீமில் கொடுத்த வேலையைக் கவனமாகச் செய்து, தவறைத் திருத்திக் கொடுத்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர் வெல்வார். நான் பேச்சுக்காரன் இல்லை. நேர்காணலில் முதல் பத்து நிமிடம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஸ்கீமில் இரண்டாம் நாள் ஒரு குத்தகை ஒப்பந்தத்தில் தேதி முரண் இருப்பதைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், கடைசி நேர்காணலில் எதிரே இருந்த பார்ட்னர் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்கினார். தவிர, இரண்டு வருடம் பயிற்சி பெறப்போகும் இடத்தை உள்ளே இருந்து பார்க்கவும் முடிகிறது, மாலை ஏழு மணிக்கு மேசைகளில் யார் யார் இருக்கிறார்கள், ஜூனியர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதெல்லாம் இணையதளத்தில் வராது.

நேரடி விண்ணப்பம் யாருக்கு? வேலையில் இருந்து மூன்று வாரம் விடுப்பு கிடைக்காதவர்களுக்கு, ஏற்கெனவே பாரலீகலாகவோ (சொலிசிட்டர் தகுதி இல்லாமல் சட்ட அலுவலகத்தில் சட்ட வேலைக்கு உதவுபவர்) வேறு துறையிலோ வருடக்கணக்கில் அனுபவம் உள்ளவர்களுக்கு, ஸ்கீம் நடத்தாத நடுத்தர, சிறிய நிறுவனங்களைக் குறிவைப்பவர்களுக்கு. இரண்டாம் ஆண்டு மதிப்பெண் சுமாராக இருந்து கடைசி ஆண்டில் உயரும் என்று நம்புகிறவர்களும் ஒரு வருடம் பொறுத்து இறுதி மதிப்பெண்ணோடு நேரடியாகப் போடுவது புத்திசாலித்தனம்.

கடைசித் தேதிகள் சிதறிக் கிடக்கும். குளிர்கால ஸ்கீம்களுக்கு அக்டோபரை ஒட்டி, வசந்த, கோடை ஸ்கீம்களுக்கு டிசம்பர், ஜனவரி, நேரடி விண்ணப்பங்களுக்கு ஜனவரியில் இருந்து கோடை வரை. வரும் விண்ணப்பங்களை வர வரப் பார்த்து இடத்தை நிரப்பும் நிறுவனங்களும் உண்டு, அங்கே கடைசி நாளில் அனுப்புவது பந்தி முடிந்த பிறகு இலை போடச் சொல்வது மாதிரி.

எண்ணிக்கை பற்றி: எட்டில் இருந்து பன்னிரண்டு போதும். ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு எனக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆனது.

படி 4: பாரலீகலாக இருந்து அனுபவத்தைச் சேர்க்கும் வழி

இந்த வழியைத் தோற்றவர்களின் வழி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வீட்டில் பெரியவர்களும் "கான்ட்ராக்ட் கிடைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாக விளக்குங்கள். பதிவு செய்யப்பட்ட பிறகு சொலிசிட்டர் பட்டியலில் யார் எந்த வழியில் வந்தார் என்று எழுதியிருக்காது.

விதி இதுதான்: மொத்தம் இரண்டு வருடம், அதிகபட்சம் நான்கு இடங்களில். பாரலீகல் வேலை, பல்கலைக்கழக இலவச சட்ட உதவி மையம், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் போன்ற இடத்தில் செய்த தொண்டு, எல்லாமே கணக்கில் வரலாம். சம்பளம் இல்லாத வேலையும் சேரும், தேர்வுக்கு முன்னால் செய்ததும் சேரும், 2021க்கு முன்னால் செய்ததும் சேரும். எஸ்.ஆர்.ஏ. வகுத்திருக்கும் தொழில் திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்த்துக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். அதை இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர் ஒருவரோ நிறுவனத்தின் விதிமுறை அதிகாரியோ உறுதிப்படுத்த வேண்டும். அவர் உங்கள் திறமைக்கு மதிப்பெண் போடுவதில்லை, இவ்வளவு காலம் இந்த வேலை செய்தார் என்று கையெழுத்திடுகிறார்.

நன்மை, போட்டி குறைவு, எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். குறை, தேர்வுச் செலவு உங்கள் தலையில், அதோடு ஒரே பிரிவில் இரண்டு வருடம் மாட்டிக்கொள்ளும் அபாயம். வீடு விற்பனைக் கோப்புகளையே பார்த்துத் தகுதி பெற்ற ஒருவருக்கு அதன் பிறகு வழக்குப் பிரிவில் வேலை கிடைப்பது கடினம். அதனால் பாரலீகல் வேலை நேர்காணலிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இந்த அனுபவத்தை க்யூ.டபிள்யூ.இ. என்று கையெழுத்திட்டுத் தருவீர்களா? தகுதி பெற்ற பிறகு சொலிசிட்டராக வைத்துக்கொண்ட முன்னுதாரணம் உண்டா? மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கங்களில் தமிழ் சொலிசிட்டர்களின் அலுவலகங்கள் பல இருக்கின்றன. குடியேற்றம், அகதி வழக்குகள், குடும்பச் சட்டம், வீடு விற்பனை என்று வேலை நடக்கும். அங்கே பெரிய படிவங்கள் எதுவும் இருக்காது, ஒரு பக்கக் கடிதமும் சி.வி.யும் மின்னஞ்சலில் அனுப்பி, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டால் போதும். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேரே கேட்டு எழுத முடிகிறது என்பது அங்கே மிகப் பெரிய தகுதி, அதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிற்சி தருகிறேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அதற்கு இவ்வளவு பணம் கொடு என்று யார் கேட்டாலும், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

படி 5: பலரும் எட்டிப் பார்க்காத கதவுகள்

பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரான ஏ லெவல் முடிக்கும் பிள்ளைகளுக்கு 2016 முதல் சொலிசிட்டர் அப்ரன்டிஸ்ஷிப் இருக்கிறது. ஆறு வருடம், சம்பளத்தோடு, பல்கலைக்கழகக் கடன் ஒரு பவுண்டுகூட இல்லாமல், பட்டமும் சொலிசிட்டர் தகுதியும். இவ்வளவு நல்ல வழியை நம் வீடுகளில் "யூனிக்குப் போகாமலா?" என்ற ஒரு கேள்வியோடு தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2026 ஜனவரியில் இருந்து இந்த மட்டத்து அப்ரன்டிஸ்ஷிப்களுக்கான அரசு நிதி, பொதுவாக 21 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது, ஆகவே பட்டதாரிகளுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டது, பள்ளி முடிப்பவர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

அரசுத் தரப்பில் கவர்ன்மென்ட் லீகல் டிபார்ட்மென்ட் ட்ரெய்னிகளை எடுக்கிறது, குற்ற வழக்குகளை அரசுக்காக நடத்தும் கிரௌன் பிராசிக்யூஷன் சர்வீஸும் எடுக்கிறது, உள்ளூர் கவுன்சில்களும் அவ்வப்போது எடுக்கின்றன. ஏழைகளுக்கான சட்ட உதவியில் மனம் உள்ளவர்கள் ஜஸ்டிஸ் ஃபர்ஸ்ட் ஃபெல்லோஷிப்பைத் தேடிப் பாருங்கள். தேர்வுக் கட்டணம்தான் தடை என்றால் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் டைவர்சிட்டி ஆக்சஸ் ஸ்கீமுக்கு விண்ணப்பியுங்கள்.

படி 6: சென்னையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ வருபவர்களுக்கு

இங்கே ஒரு வருட எல்.எல்.எம். படித்தால் சொலிசிட்டர் ஆகிவிடலாம் என்று ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். எல்.எல்.எம். மேலே சொன்ன நான்கில் ஒன்றையும் நிறைவேற்றித் தராது, நீங்கள் ஏற்கெனவே பட்டதாரிதான்.

பார் கவுன்சிலில் பதிவு செய்த வழக்கறிஞர், அல்லது இலங்கையில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்த சட்டத்தரணி என்றால் உங்களுக்கு க்யூ.டபிள்யூ.இ. தேவையில்லை. அதாவது ட்ரெய்னி ஆகவே வேண்டாம், எஸ்.க்யூ.இ. எழுதி நேரே சொலிசிட்டராகப் பதியலாம், போதிய அனுபவம் இருந்தால் இரண்டாம் பகுதிக்கு விலக்கும் கேட்கலாம். முதல் பகுதியை உங்கள் நாட்டிலேயே பியர்சன் வி.யு.இ. மையத்தில் எழுத முடிகிறதா என்று முன்பதிவின்போது பாருங்கள். இரண்டாம் பகுதியின் வாய்மொழித் தேர்வுக்கு மட்டும் இங்கே வந்தாக வேண்டும். எல்.எல்.பி. முடித்துப் பதிவு செய்யாதவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, எனவே விமானம் ஏறும் முன் பதிவை முடித்துவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதை விசாவும் மாற்றிவிடும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக உயர்ந்தது, தொழிலில் புதியவர்களுக்கு 33,400. பெரிய சிட்டி நிறுவன ட்ரெய்னிக்கு இது பிரச்சினையே இல்லை. தெருமுனை அலுவலகங்கள் பலவற்றில் ட்ரெய்னிக்குக் கொடுக்கும் சம்பளம் அதை எட்டாது, அவர்கள் மனம் வைத்தாலும் ஸ்பான்சர் செய்ய முடியாது. எனவே ஸ்பான்சர் தேவைப்படுபவர்கள் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸ் வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படிவத்தைத் திறக்க வேண்டும். படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் தவிர, 18 மாதம்தான். இந்த எண்கள் அடிக்கடி மாறும், விண்ணப்பிக்கும் மாதத்தில் ஒருமுறை அரசின் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: வழி முடிவான பிறகு

வாட்சன் கிளேசர் என்ற சிந்தனைத் தேர்வு பல இடங்களில் வரும். பெரும்பாலும் 30 நிமிடத்தில் 40 கேள்விகள், கொடுத்த பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும், வெளியில் தெரிந்ததைக் கொண்டுவந்தால் தவறாகிவிடும். தினம் ஒன்று வீதம் இரண்டு வாரம் பழகினால் மதிப்பெண் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும்.

"ஏன் எங்கள் நிறுவனம்?" என்ற கேள்விக்கு, நிறுவனத்தின் பெயரை மாற்றினாலும் பொருந்துகிற பதில் எழுதாதீர்கள். அந்த நிறுவனம் செய்த ஒரு வேலை, அது உங்களுக்கு ஏன் ஆர்வமானது, உங்கள் வாழ்க்கையில் எதோடு தொடர்பு, இவ்வளவே போதும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதியதை அப்படியே ஒட்டாதீர்கள், பல நிறுவனங்கள் அதைத் தடைசெய்திருக்கின்றன.

குடும்பப் பின்னணி பற்றிய கேள்விகளைக் கூச்சப்பட்டுக் காலியாக விடுகிறவர்கள் நம்மில் அதிகம். பள்ளியில் இலவச மதிய உணவு வாங்கினீர்களா, அகதியாக வந்தீர்களா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனவர்களா என்றெல்லாம் கேட்பது உங்கள் மதிப்பெண்ணை உங்கள் பள்ளியின் நிலையோடு சேர்த்து எடைபோடத்தான். உண்மையை நிரப்புங்கள், இரக்கம் கேட்பதாக ஆகாது.

ஆபர் வந்தால் கையெழுத்திடும் முன் ஒரு வரியைத் தேடுங்கள், எஸ்.க்யூ.இ.யை முதல் முறையே தேற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று. சில நிறுவனங்கள் தவறினால் ஆபரைத் திரும்பப் பெறுகின்றன, சில இன்னொரு வாய்ப்புத் தருகின்றன. இரண்டு ஆபர் கையில் இருந்தால் நான் இதை வைத்தே முடிவெடுப்பேன், சம்பளத்தில் ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசத்தை வைத்து அல்ல.

பாரலீகல் வழியில் போகிறவர்களுக்கு இதற்கு இணையான ஒரு காரியம் உண்டு. ஓர் இடத்தில் இருந்து விலகும் முன், கடைசி வாரத்துக்குள், அங்கே செய்த காலத்துக்கான க்யூ.டபிள்யூ.இ. உறுதிப்படுத்தலை வாங்கிவிடுங்கள். என் தோழி ஒருத்தி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள், ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டபோது அந்த அலுவலகமே மூடியிருந்தது, அவளுடைய வேலையைப் பார்த்த சொலிசிட்டரைத் தேடிப்பிடிக்க நான்கு மாதம் ஆனது. என்ன கோப்பு, என்ன வேலை, எந்தத் திறன் என்று வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஒதுக்கிக் குறித்து வைத்திருந்தால், கையெழுத்திடுபவருக்கும் அது அரை மணி நேர வேலைதான்.